புள்ளி வைக்காதவர்

அவருடைய எண் என் போனில் ‘மலை ஆன்லைன் அண்ணா’ என்று இருக்கிறது. அழைத்தால், இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொல்கிறது. ஆனாலும் மாதத்துக்கு ஒருமுறையாவது அழைத்துப் பார்க்கிறேன். அவர் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் இங்கே எழுதப்போவதில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

நெல்லிவாசல்நாடு என்ற மலையூருக்கு ஏறும் சாலையில் ஒரு வளைவு உண்டு. மலையின் அந்தப் பக்கத்தில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது அங்கே மட்டும்தான். ஊருக்குள் இடம் இருந்தும் அவர் அந்த வளைவில் நாலு தகரத்தை நிறுத்தி, ஒரு லேப்டாப்பும் பிரிண்டரும் வைத்து, ‘ஆன்லைன்’ என்று மட்டும் பெயிண்டில் எழுதி உட்கார்ந்துவிட்டார். விண்ணப்பம் போட வேண்டியவர்கள் மூன்று கிலோமீட்டர் நடந்து வருவார்கள். எனக்கு அவரைப் பெரும்பாலும் குரலாகத்தான் தெரியும். பேசும்போது பின்னால் காற்று இரைந்துகொண்டே இருக்கும். நேரில் பார்த்தது இரண்டே முறை.

நான் அப்போது வேலூரில் ஒரு மாடியில் ஏழு பேர் வேலை செய்யும் கம்பெனியில் இருந்தேன். ஓர் அறக்கட்டளை, மலைக் கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்கு விடுதியோடு இலவசமாகச் செவிலியர் உதவியாளர் பயிற்சி கொடுத்துவந்தது. விண்ணப்பம் ஆன்லைனில் மட்டும். அதற்கான இணையப் பக்கத்தைச் செய்துகொடுத்தது நாங்கள். திரையில் தெரிகிற பகுதியை வேறொருவர் எழுதினார். சர்வரில் நடப்பதெல்லாம் என் பொறுப்பு. ஆள் பற்றாக்குறையால், சந்தேகம் கேட்டு வருகிற போனை எடுப்பதும் என் தலையில் விழுந்தது.

முதல் வருடம் ஆன்லைன் சென்டர் வைத்திருப்பவர்களை வேலூருக்கு வரவழைத்து ஒரு நாள் பயிற்சி கொடுத்தோம். பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மீதிப் பேர் சாப்பாடு வருகிறதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் முதல் வரிசையில், சட்டைப் பட்டனைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, நீல அட்டை நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். நாற்பது வயது இருக்கும். பெட்டியைச் சரியாக நிரப்பினால் பக்கத்தில் பச்சை டிக் வரும், தப்பாக நிரப்பினால் சிவப்பு எழுத்து வரும் என்று காட்டினேன். அவர் கை தூக்கினார்.

“பச்சை வந்தா உள்ள போய்டுச்சுன்னு அர்த்தமாங்க மேடம்?”

“ஆமாண்ணா” என்றேன்.

அது உண்மை இல்லை. பச்சை என்பது அவருடைய லேப்டாப்பிலேயே நடக்கிற சோதனை, வாசலில் நிற்கும் காவல்காரரைப் போல. அனுப்பு பட்டனை அழுத்தியபின் எங்கள் சர்வர் தன் பங்குக்கு இன்னொரு தடவை சோதிக்கும். வாசலில் விட்டவரை உள்ளே இருப்பவர் திருப்பி அனுப்பிவிடலாம். இரண்டு இடத்திலும் ஒரே விதி இருந்தால் வம்பில்லை. இதையெல்லாம் விளக்க உட்கார்ந்தால் சாப்பாடு ஆறிவிடும் என்று ஆமாம் சொல்லிவிட்டேன். அவர் நோட்டில் குறித்துக்கொண்டதை எட்டிப் பார்த்தேன். ‘பச்சை = உள்ளே’ என்று இருந்தது.

அடுத்த வாரமே போன் வந்தது. கதவு எண் என்ற பெட்டியை நிரப்பாமல் மேலே போக முடியவில்லை, சிவப்பு வருகிறது என்றார்.

“கதவு எண் இல்லாத வூட்டுக்கு இன்னாங்க போடறது?”

“ஒரு புள்ளி வெச்சுட்டுப் போங்கண்ணா. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க.”

“புள்ளின்னா இன்னா அர்த்தம் மேடம்?”

“ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்.”

“ஒண்ணும் இல்லன்னா காலியா இருக்கட்டுமே. இல்லாத எடத்துல எதுக்குப் புள்ளி?”

எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு புள்ளி வைக்க என்ன வந்தது இந்த மனிதருக்கு என்று நினைத்தேன். அப்போதுதான் தன் கதையைச் சொன்னார், சிரித்துக்கொண்டே. இளவயதில் ஒரு வேலைக்கு எழுத்துத் தேர்வு, ஓட்டம், உயரம் எல்லாம் தேறி, சான்றிதழ் சரிபார்க்கிற இடம்வரை போயிருக்கிறார். பள்ளிச் சான்றிதழில் அவர் பெயரில் ஒரு மெய்யெழுத்துக்குப் புள்ளி இருந்தது. கையால் எழுதிய சாதிச் சான்றிதழில் அந்தப் புள்ளி இல்லை. எழுதியவர் அவசரத்தில் விட்டுவிட்டார். இரண்டும் வேறு வேறு பெயர், திருத்தி வாங்கி வா என்றார்களாம். மலைக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைந்து முடிப்பதற்குள் வேலை இன்னொருவருக்குப் போய்விட்டது. திருத்தமும் கடைசிவரை கிடைக்கவில்லை. “இருக்க வேண்டிய எடத்துல வெக்காம வுட்டாங்க. நீங்க இல்லாத எடத்துல வெக்கச் சொல்றீங்க” என்றார்.

அன்று மாலையே கதவு எண்ணைக் கட்டாயம் இல்லை என்று மாற்றினேன். ஆபீசில் அவருக்குப் ‘புள்ளி அண்ணன்’ என்று பெயர் விழுந்தது. போன் அடித்தால், உன் புள்ளி அண்ணன் லைன்ல இருக்காரு என்று கத்துவார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

இல்லாததை எழுதமாட்டார், இருப்பதை விடமாட்டார். அவரைப் பற்றி எதைச் சொன்னாலும் கடைசியில் இதில்தான் வந்து நிற்கும். பிறந்த தேதி தெரியாமல், சாமை அறுக்கிற சமயத்தில் பிறந்தாள் என்று ஒரு தாய் சொன்னால், மற்ற சென்டர்களில் ஜூன் ஒன்று என்று தட்டிவிடுவார்கள். இவர் பள்ளிக்கூடத்துக்குத் திருப்பி அனுப்பிப் பதிவேட்டைப் பார்த்து வரச்சொல்வார். பெயரை அடித்ததும் உரக்க வாசித்துக் காட்டி, இதேதானா, இதேதானா என்று இரண்டு முறை கேட்பார். மழையில் நனைந்துகொண்டு வந்தவர்களுக்கு எப்படி இருக்கும்? ஒரு பெண் அவரைத் திட்டுவதைப் போனிலேயே கேட்டேன். கீழே ஆலங்காயத்தில் பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுக்கிறார்கள், இங்கே வந்தால் ஒரு நாள் போகிறது என்றாள். அவர் என்னிடம், “ஒரு நிமிசங்க மேடம், அவங்க பேரை ஒருக்கா படிச்சிட்டு வர்றேன்” என்றார்.

ஆனால் ஒரு கோளாறை அவர் சொல்வதுபோல யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எந்தப் பெட்டி, என்ன அடித்தார், எத்தனை முறை, எத்தனை மணிக்கு, திரையில் வந்த வாசகம் எழுத்துப் பிசகாமல் என்ன, எல்லாம் நோட்டில் இருக்கும். சம்பளம் வாங்கிக்கொண்டு சோதனை செய்கிறவர்கள்கூட ‘ஒர்க் ஆகல’ என்பதற்குமேல் சொல்ல மாட்டார்கள்.

மூன்றாவது வருடம் அவராகவே ஒரு யோசனை சொன்னார். பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஆளாளுக்கு ஒரு விதமாக எழுதுகிறார்கள், அப்புறம் சான்றிதழோடு ஒத்துப்போவதில்லை. மலையில் நிறையப் பேரிடம் இருப்பது கையால் எழுதிய பழைய தமிழ்ச் சான்றிதழ். அதில் உள்ளபடி தமிழிலேயே அடிக்க வழி செய்ய முடியுமா என்று கேட்டார். நல்ல யோசனை. பெயர்ப் பெட்டிக்கு மேல் ‘சாதிச் சான்றிதழில் உள்ளபடி’ என்று சேர்த்து, தமிழையும் ஏற்கிறமாதிரி மாற்றினோம். அவருக்குப் போன் செய்து பெருமையாகச் சொன்னேன். அவருக்கும் அதில் ரொம்ப சந்தோஷம்.

அந்த வருடம் அவர் ஒன்பது பெண்பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போட்டார். ஒன்பதும் தமிழில். மற்ற சென்டர்காரர்கள் பழக்கதோஷத்தில் ஆங்கிலத்திலேயே அடித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலை போன் வந்தது.

எல்லாப் பெட்டியிலும் பச்சை வருகிறது, அனுப்பினால் ‘நன்றி, உங்கள் விண்ணப்பம் பெறப்பட்டது’ என்றும் வருகிறது, ஆனால் கீழே விண்ணப்ப எண் வரவேண்டிய இடம் காலியாக இருக்கிறது என்றார். நெட் மெதுவாக இருக்கும், அப்புறம் வரும் என்றேன். மறுநாளும் கூப்பிட்டார். என் மேஜையில் ஆங்கிலத்தில் ஒரு பெயர் அடித்துப் பார்த்தேன், எண் வந்தது. எனக்கு வருகிறதே அண்ணா என்றேன். எங்கள் தொழிலில் இதைவிடக் கெட்ட வாக்கியம் கிடையாது. அதை ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது நாள் கேட்டார். “தமிழ்ல அடிச்சுப் பாத்தீங்களா மேடம்?”

பார்க்கவில்லை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கீபோர்டைத் தமிழுக்கு மாற்றி, கைக்கு வந்த முதல் எழுத்தை மூன்று முறை தட்டி அனுப்பினேன். எண் வந்தது. “இப்பதாண்ணா பாத்தேன். வருது.”

“யார் பேரைப் போட்டுப் பாத்தீங்க?”

“பேரெல்லாம் இல்ல. சும்மா அ, அ, அன்னு அடிச்சேன்.”

மெதுவாகச் சொன்னார். “அப்படி யாருக்கும் பேர் கிடையாதே மேடம்.”

கோளாறு எங்கே இருக்கிறது என்று அந்த ஒரு வாக்கியத்தில் கைவைத்துக் காட்டிவிட்டார். எனக்கு உறைக்கவில்லை. எதிரே டீ ஆறிக்கொண்டிருந்தது, இன்னொரு வேலை கழுத்தில் நின்றது. எல்லாம் உள்ளே போய்விட்டது, நான் சொல்கிறேன், கவலைப்படாதீர்கள் என்றேன். “நீங்க சொன்னா சரிங்க” என்று வைத்துவிட்டார். வீடு வீடாகப் போய், உள்ளே போய்விட்டது, மேடமே சொன்னார்கள் என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னால் அந்த ஊரில் மறுபேச்சு கிடையாது. அவ்வளவு தாமதம் செய்கிறவரை அவர்கள் பொறுத்துக்கொண்டதே அதற்காகத்தான்.

கடைசித் தேதி முடிந்து சேர்க்கைப் பட்டியல் வந்தது. அவர் குரலில் கோபமே இல்லை. “ஒம்போது பேர்ல ஒருத்தர் பேருகூட இல்லீங்க மேடம்” என்றார், அவ்வளவுதான்.

அதன் பிறகுதான், சர்வர் தள்ளிவிட்ட விண்ணப்பங்கள் தானாகப் பதிவாகிற கோப்பைத் திறந்தேன். அப்படி ஒன்றை நானே ஏற்படுத்தி வைத்துவிட்டு, திறந்து பார்த்ததே இல்லை. ஒன்பது பெயர்களும் இருந்தன. ஒவ்வொன்றும் ஐந்து முறை, ஆறு முறை. தினமும் காலையில் வளைவில் உட்கார்ந்து முதலிலிருந்து அடித்து அனுப்பியிருக்கிறார். எந்த முறையிலும் ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை.

பெயரில் எழுத்துகள் மட்டுமே இருக்கலாம் என்று நான் ஒரு விதி எழுதியிருந்தேன். கம்ப்யூட்டருக்கு ‘ல்’ என்பது ஓர் எழுத்து இல்லை. ‘ல’ ஒன்று, அதன்மேல் புள்ளி ஒன்று. ‘ல’ எழுத்து, புள்ளி வெறும் குறி. கொம்பும் காலும் சுழியும்கூட அப்படித்தான். வாசலில் இருந்த விதி இவை எல்லாவற்றையும் தமிழ் என்று ஏற்றுக்கொண்டு பச்சை காட்டியது. உள்ளே என் விதி, புள்ளியையும் கொம்பையும் கண்டதும் இது எழுத்தில்லை என்று தள்ளிவிட்டது. தள்ளியதைத் திரைக்குச் சொன்னதும் உண்மை. திரைதான் அதைக் காதில் வாங்காமல் நன்றி சொல்லிக்கொண்டிருந்தது. புள்ளியும் கொம்பும் காலும் இல்லாத தமிழ்ப் பெயர் உலகத்தில் எத்தனை இருக்கும்? நான் அடித்த அ, அ, அ ஒன்று. தமிழ் எனக்குத் தாய்மொழி. வெளிநாட்டுக்காரன் செய்திருந்தால்கூட மன்னிக்கலாம்.

திருத்த ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முதலாளியிடம் சொன்னேன். சீட்டு நிரம்பியாகிவிட்டது, இனி சொல்லி என்ன ஆகப்போகிறது, அறக்கட்டளைக்குத் தெரிந்தால் அடுத்த வருட வேலை கைவிட்டுப் போகும், நெட் கோளாறு என்று சொல்லிவிடு என்றார். எதையும் எழுத்தில் கொடுத்துவைக்காதே என்றும் சொன்னார். அறக்கட்டளைக்கு நானாகவே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேலை போய்விடுமோ என்று பயந்தேன்.

ஆனால் அவரிடம் போனில் பொய் சொல்ல வாய் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆலங்காயம் போய், அங்கிருந்து ஷேர் ஜீப்பில் ஏறினேன். பனிமூட்டத்தில் வளைவு வந்ததே தெரியவில்லை. டிரைவர்தான் நிறுத்தி, ஆன்லைன்காரர் கடைதானே என்று ஒரு மாதிரியாகக் கேட்டார். கடையில் அவரைத் தவிர ஒருவரும் இல்லை. பிரிண்டருக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு மூடியிருந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். வாசல், உள்ளே, புள்ளி, கொம்பு. முழுக்கக் கேட்டுவிட்டு, நீல நோட்டை எடுத்து முதல் பக்கத்துக்குப் போனார். ‘பச்சை = உள்ளே’ என்ற வரியை ஒரே கோட்டில் அடித்தார். பக்கத்தில் அன்றைய தேதியையும் நேரத்தையும் எழுதினார்.

ஒரு பெண் வரக்காப்பி கொண்டுவந்து வைத்தாள். இருபது வயதுக்குப் பக்கத்தில் இருக்கும். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் வெளியே போனதும், பொண்ணு என்றார். பெயரைக் கேட்டேன். சொன்னார். ஒன்பதில் மூன்றாவது பெயர் அது. அந்த வருடத்தோடு அவளுக்கு வயது வரம்பு முடிகிறது என்பதும் எனக்குத் தெரியும், விண்ணப்பத்தில் பார்த்திருக்கிறேன்.

“உங்க பொண்ணுன்னு ஏண்ணா ஒரு வார்த்தை சொல்லல?”

“சொல்லியிருந்தா அவ பேர் மட்டும் உள்ள போயிருக்குமா மேடம்?”

குத்திக்காட்டக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். இல்லை என்றேன். அதையும் தலையாட்டி ஏற்றுக்கொண்டார். பிறகு நோட்டில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

“நான்தான் அனுப்பாம வுட்டுட்டேன்னு ஊர்ல பேசறாங்க. எட்டு வூடுங்க மேடம். எட்டு வூட்லயும் நான் போய்டுச்சுன்னு சொல்லியிருக்கேன். நான் அடிச்சது சரின்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. வேற ஒண்ணும் வாணாம்.”

பேனா மேஜைமேல் இருந்தது. ஆபீஸ் லெட்டர் பேடில் அடித்துக் கையெழுத்தும் முத்திரையுமாக அனுப்புகிறேன், அப்போதுதான் மதிப்பாக இருக்கும் என்றேன். அனுப்பமாட்டேன் என்று தெரிந்தேதான் சொன்னேன். அவருக்கு நான் சொன்ன பொய்களில் முதல் இரண்டும் சோம்பலில் வந்தவை. இது அப்படி இல்லை. “சரிங்க” என்று நோட்டை மூடினார். என்னை ஜீப் ஏற்றிவிட மழைத்தூறலில் கூடவே நின்றார்.

அந்த லெட்டருங்க மேடம் என்று இரண்டு தடவை போன் செய்தார். மூன்றாவது தடவை நான் எடுக்கவில்லை. அதற்கப்புறம் அவர் அழைக்கவே இல்லை. அடுத்த வருடம் ஆபீசுக்கு வந்த ஆலங்காயம் சென்டர்காரர்தான் சொன்னார். வளைவுக் கடைக்கு யாரும் போவதில்லையாம், மூடிவிட்டார்களாம். குடும்பத்தோடு குடகுப் பக்கம் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட்டார், பெண்ணும் கூடத்தான் என்றார். “பாவம், நல்ல மனுசன். ஒரு புள்ளி வெக்கறதுக்கு ஒரு மணி நேரம் யோசிப்பான்” என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். இப்போது நினைத்தாலும் அந்தச் சிரிப்பு என்னைக் கூசச் செய்கிறது.

அந்தக் கம்பெனியை விட்டு வந்துவிட்டேன். எங்கே பெயர்ப் பெட்டி செய்தாலும் முதலில் அந்த மூன்றாவது பெயரை அடித்துத்தான் சோதிக்கிறேன். உள்ளே போகிறது, எண் வருகிறது. யாருக்கு என்ன பிரயோசனம்?

போன மாதம் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அந்த இரண்டு வரியை எழுதினேன். நீங்கள் அடித்த ஒன்பது பெயர்களிலும் ஒரு பிழையும் இல்லை. பிழை சர்வரில் நான் எழுதிய விதியில் இருந்தது. கீழே கையெழுத்துப் போட்டேன். குடகில் எந்தத் தோட்டம் என்று விசாரித்தால் தெரிந்துவிடும். மேலே ‘பெறுநர்’ என்று எழுதி, பெயர் எழுதப் போகும்போது கை நின்றுவிட்டது.

புள்ளியோடு எழுதினால் அது அவருக்கு வீட்டில் வைத்த பெயர். புள்ளி இல்லாமல் எழுதினால் சாதிச் சான்றிதழில் உள்ள பெயர். இரண்டில் எது தன் பெயர் என்று அவர் வைத்துக்கொண்டிருந்தார் என எனக்குத் தெரியாது. அத்தனை வருடத்தில் எத்தனையோ பேருடைய பெயர்களை எழுத்துக்கூட்டி எனக்கு வாசித்துக் காட்டியவர் அவர். உங்கள் பெயரை எப்படி எழுதுவது அண்ணா என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.